மூச்சு வாங்கும் எட்டு நிமிடங்கள்: நெடுந்தூர மிதிவண்டி ஓட்டமும் தீவிர இடைவெளிப் பயிற்சியும்

சுவர் இருந்தால்தான் சித்திரம் வரைய முடியும் என்பது பழமொழி. உடல்நலம் பற்றிப் பேசும் கூட்டங்களில் எல்லாம் கேட்டுப் பழகிய வாசகம்தான். ஆனால் மிதிவண்டிப் பயிற்சியைப் பொறுத்தவரை அதற்கு நேரடியான பொருளே உண்டு. அங்கே எது சுவர், எது சித்திரம் என்பதை எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் சுங்கைப்பட்டாணியிலிருந்து பீடோங், குரூண் பக்கம் போகும் சடக்கில் நின்று பார்த்தால் தலைக்கவசமும் விளக்குமாக மிதிவண்டியோட்டிகள் வரிசையாகப் போவதைக் காணலாம். நானும் அவர்களில் ஒருவன். எங்கள் குழுவில் பெரும்பாலோர் தோட்டத்தில் பிறந்து, இன்று தாமான் வீடுகளில் குடியிருப்பவர்கள். ஆசிரியர், தொழிற்சாலைத் தொழில்நுட்பர், வங்கி ஊழியர் எனப் பல வேலைகளில் இருக்கிறார்கள். எல்லாருக்கும் பொதுவான குறை ஒன்றுதான்: நேரமில்லை. அதனால்தான் "இருபது நிமிடம் போதும், இரண்டு மணி நேரப் பயன் கிடைக்கும்" என்று உடற்பயிற்சிக் கூடங்களில் விளம்பரம் செய்யப்படும் 'ஹிட்' பயிற்சியின் மேல் இளைஞர்களுக்கு அவ்வளவு ஈர்ப்பு. அந்த விளம்பரத்தில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியை அறியாமல் இறங்கினால் பயனும் குறையும், சிலருக்கு ஆபத்தும் நேரலாம்.

தீவிர இடைவெளிப் பயிற்சி என்றால் என்ன?

மிகக் கடுமையாகச் சிறிது நேரம் மிதிப்பது. பிறகு மெதுவாக மிதித்து மூச்சைச் சீராக்கிக்கொள்வது. மீண்டும் கடுமையாக மிதிப்பது. இப்படி மாறி மாறிச் செய்வதே தீவிர இடைவெளிப் பயிற்சி. இதன் தந்திரம் எளிமையானது. ஒருவர் தம் முழு ஆற்றலுக்கு நெருக்கமான வேகத்தில் தொடர்ந்து ஓட்டினால் ஐந்தாறு நிமிடங்களில் களைத்துவிடுவார். அதே வேகத்தை நான்கு நான்கு நிமிடமாகப் பிரித்து, நடுவே ஓய்வு கொடுத்தால், மொத்தம் பதினாறு நிமிடம் வரை அந்த வேகத்தில் இருக்க முடியும். உடலை மாற்றுவது அந்தக் கூடுதல் நிமிடங்கள்தாம்.

இது நேற்று தோன்றிய நாகரிகமன்று. 1930களில் ஜெர்மனியில் பயிற்றுநர் கெர்ஷ்லரும் இதயநோய் மருத்துவர் ரைண்டெலும் இம்முறையை வகுத்தனர். கெர்ஷ்லரிடம் பயின்ற ருடோல்ஃப் ஹார்பிக் 1939இல் 800 மீட்டர் ஓட்டத்தை 1 நிமிடம் 46.6 விநாடியில் ஓடி உலகச் சாதனை படைத்தார். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்ற செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் சாட்டோபெக்கும் இடைவெளிப் பயிற்சியின் பிள்ளைதான்.

மிதிவண்டியோட்டிகளுக்கு நெருக்கமான ஆய்வுகள் பின்னர் வந்தன. 1996இல் ஜப்பானிய அறிஞர் இசுமி தபாத்தா, நிலை மிதிவண்டியில் 20 விநாடி கடும் மிதிப்பு, 10 விநாடி ஓய்வு என்று ஏழெட்டு முறை செய்யவைத்தார். மொத்தமே நான்கு நிமிடம்தான். ஆறு வாரத்தில் அவர்களின் உச்ச உயிர்வளி ஏற்பு, கிலோகிராமுக்கு நிமிடத்திற்கு 7 மில்லிலிட்டர் உயர்ந்தது. நாளுக்கு ஒரு மணி நேரம் மிதமாக ஓட்டிய மற்றொரு குழுவுக்கு உயர்ந்தது 5 மில்லிலிட்டர். உடற்பயிற்சிக் கூடங்கள் 'தபாத்தா' என்ற பெயரைப் பிடித்துக்கொண்டது இதனால்தான். ஆனால் பலரும் சொல்லாமல் விடும் செய்தி ஒன்றுண்டு. அந்தக் கடும்பயிற்சிக் குழுவும் வாரத்தில் ஒரு நாள் 30 நிமிடம் மிதமாக ஓட்டிவிட்டுத்தான் குறைந்த சுற்றுகளைச் செய்தது.

2005இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கிபாலாவின் குழு, 30 விநாடி முழு வேக மிதிப்பை நான்கு நிமிட ஓய்வுகளோடு நான்கு முதல் ஏழு முறை செய்யவைத்தது. இரண்டு வாரத்தில் ஆறே நாள் பயிற்சி. ஒரே கடுமையில் அவர்கள் தாக்குப்பிடித்த நேரம் சராசரியாக 26 நிமிடத்திலிருந்து 51 நிமிடமாக உயர்ந்தது. வியப்பான முடிவுதான். எனினும் அந்த எட்டுப் பேரும் சுறுசுறுப்பான இளைஞர்களே தவிர, பந்தய வீரர்கள் அல்லர். புதிதாகத் தொடங்குபவருக்கு எந்தப் பயிற்சியும் விரைவில் பலன் தரும். ஆண்டுக்கணக்கில் ஓட்டி வருபவருக்கு அது போதாது.

உடலுக்குள் நடப்பது

நம் உடல் ஒரு நிமிடத்தில் அதிகபட்சமாகப் பயன்படுத்தக்கூடிய உயிர்வளியின் அளவே உச்ச உயிர்வளி ஏற்பு. அதை இரண்டு உறுப்புகள் முடிவு செய்கின்றன: குருதியை அனுப்பும் இதயம், அதை வாங்கிப் பயன்படுத்தும் தசை.

கடுமையாக மிதிக்கும்போது இதயத்துக்குத் திரும்பும் குருதி பெருகுகிறது. இதய அறை நன்றாக நிரம்பி, ஒவ்வொரு துடிப்பிலும் அதிகக் குருதியை வெளியே தள்ளப் பழகுகிறது. நீண்ட நேரம் மெதுவாக ஓட்டும்போதோ தசையைச் சுற்றியுள்ள தந்துகிகள் பெருகுகின்றன. தசைச் செல்களுக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் கூடுகின்றன. கொழுப்பை எரிபொருளாக்கும் திறன் வளர்கிறது. நான்கு மணி நேரம் ஓட்டியும் கால் தளராமல் இருப்பவரிடம் இருப்பது இந்தச் செல்வம்தான். இந்த மாற்றங்களில் சில இரண்டு வகைப் பயிற்சியாலும் வரும் என்றாலும், ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று சொல்ல முடியாது.

உலகத் தரம் வாய்ந்த நெடுந்தூர வீரர்களின் பயிற்சியைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஸ்டீஃபன் சைலர், அவர்களின் பத்துப் பயிற்சிகளில் ஏறக்குறைய எட்டு மிக மெதுவானவை, இரண்டே கடுமையானவை என்று கண்டறிந்தார். நம்மில் பெரும்பாலோர் இதற்கு நேர்மாறாக ஓட்டுகிறோம். மெதுவாக ஓட்ட வேண்டிய நாளில் முன்னால் போகும் நண்பரை விரட்டுகிறோம். அந்தக் களைப்பால் கடுமையாக ஓட்ட வேண்டிய நாளில் காலில் வலுவில்லை. எல்லா நாளும் நடுத்தர வேகமாகவே கழிந்துவிடுகிறது. அது இளைப்பாற முடியாத அளவுக்குக் கடினம். இதயத்தை உச்சத்துக்குக் கொண்டுபோக முடியாத அளவுக்கு எளிது.

ஆக, மெதுவான நெடிய ஓட்டமே சுவர். தீவிர இடைவெளிப் பயிற்சி அதன்மேல் வரையப்படும் சித்திரம்.

தோட்டத்து மிதிவண்டி

இந்தச் சுவர் நம் பாட்டன் பாட்டிகளிடம் இருந்தது. அவர்கள் அதைப் பயிற்சி என்று அழைக்கவில்லை. விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, செம்மண் சடக்கில் மிதிவண்டியை மிதித்துக்கொண்டு பால்மரக் காட்டுக்குப் போனார்கள். நானூறு ஐந்நூறு மரங்களை நிரை நிரையாக நடந்து சீவினார்கள். பிறகு மங்கு மங்காகப் பாலெடுத்து, நிறைந்த வாளிகளைச் சுமந்து வந்தார்கள். நாள் முழுவதும் மெதுவான உழைப்பு, இடையிடையே மூச்சு வாங்கும் சுமை. சைலர் பின்னாளில் எழுதிவைத்த விகிதத்தை அவர்களின் உடல் ஏறக்குறைய அப்படியே வாழ்ந்தது எனலாம்.

இதைச் சொல்வது தோட்ட வாழ்க்கையைப் போற்றிப் பாடுவதற்கன்று. அந்த உழைப்பு அவர்கள் விரும்பித் தேர்ந்ததில்லை; அதற்கு ஏற்ற கூலியும் கிடைக்கவில்லை. நான் சொல்ல வருவது உடலைப் பற்றி மட்டுமே. பாடாங் செராயிலும் கோலக் கெட்டிலிலும் பீடோங்கிலும் பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறின, சில வீடமைப்புப் பகுதிகளாயின. நாம் மேசைக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் மாறினோம். உணவில் மட்டும் பழைய அளவு மாறவில்லை. 2019ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. ஏறத்தாழ மூவரில் ஒருவர். பாட்டனிடம் இருந்த சுவர் பேரனிடம் இல்லை. சுவரே இல்லாத இடத்தில் நான்கு நிமிடத் 'தபாத்தா'வை மட்டும் வரையப் பார்க்கிறோம்.

தமிழர்களுக்கு மிதிவண்டிப் பந்தயம் அந்நியமும் அன்று. எம். குமரேசன் 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் மலேசியாவைப் பிரதிநிதித்து மிதிவண்டி ஓட்டினார். 1996இல் தொடங்கிய லங்காவி மிதிவண்டிப் பந்தயம் நம் கெடாத் தீவின் பெயரையே தாங்கியிருக்கிறது. ஆகவே நம் பிள்ளைகள் இதில் முன்னேற நினைப்பது பேராசை அல்ல. முறை தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எந்த அளவு? எத்தனை முறை?

நெடுந்தூர ஓட்டிகளுக்கு நான் பரிந்துரைப்பவை இரண்டு.

முதலாவது, நான்கு முறை எட்டு நிமிடம். சைலரும் அவருடைய குழுவினரும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், பொழுதுபோக்காக ஓட்டும் 35 மிதிவண்டியோட்டிகளை ஏழு வாரம் பயிற்றுவித்தனர். ஒரு குழு மெதுவாக மட்டும் ஓட்டியது. மற்றவர்கள் வாரம் இருமுறை இடைவெளிப் பயிற்சி செய்தனர்: சிலர் நான்கு முறை 4 நிமிடம், சிலர் நான்கு முறை 8 நிமிடம், சிலர் நான்கு முறை 16 நிமிடம். நடுவே 2 நிமிட ஓய்வு. மொத்தத்தில் அதிகப் பயன் பெற்றவர்கள் எட்டு நிமிடக் குழுவினரே. அவர்களின் இதயத்துடிப்பு உச்ச அளவில் சுமார் 90 விழுக்காட்டில் இருந்தது. மிகக் கடுமையான நான்கு நிமிடத்தைவிடச் சற்றுக் குறைந்த கடுமையில் இருமடங்கு நேரம் ஓட்டியது கூடுதல் பலன் தந்தது என்பது நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய பாடம்.

இரண்டாவது, 30 விநாடி கடுமை, 15 விநாடி மெதுவு. நார்வேயின் பெண்ட் ரோனெஸ்டாட் பயிற்சி பெற்ற மிதிவண்டி வீரர்களிடம் சோதித்த முறை இது. இப்படிப் பதின்மூன்று முறை செய்தால் ஒரு சுற்று. ஏறத்தாழ பத்து நிமிடம். மூன்று நிமிட இளைப்பாறலுடன் மூன்று சுற்றுகள். கடுமையாக மிதித்த நேரம் மட்டும் பத்தொன்பதரை நிமிடம்.

கடுமையை அளக்க விலையுயர்ந்த கருவி கட்டாயமில்லை. உச்ச இதயத்துடிப்பை 220லிருந்து வயதைக் கழித்துக் கணக்கிடுவது வழக்கம். 22 வயது மாணவருக்கு 198 வரும். ஆனால் இது சராசரிக் கணக்கு. உண்மையான அளவு ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு முன்பின்னாக இருக்கலாம். இதைவிட எளிய அளவுகோலை நான் என் குழுவினருக்குச் சொல்வதுண்டு. தெரிந்த ஒரு திருக்குறளைச் சொல்லிப் பாருங்கள். ஏழு சீரையும் சொல்லி, பொருளும் விளக்க முடிந்தால் அது மெதுவான ஓட்டம். முதலடியின் நான்கு சீரோடு மூச்சு வாங்கினால் நடுத்தரம். இரண்டு சீருக்கு மேல் வாயில் வராவிட்டால் தீவிரம். ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டத்தில் குறளும் உரையும் வர வேண்டும். வராவிட்டால் வேகத்தைக் குறையுங்கள்.

கெடாவில் எங்கே ஓட்டலாம்?

நம் மாநிலத்தின் நில அமைப்பே இப்பயிற்சிக்கென வகுத்தது போலிருக்கிறது. வடக்கே மூடா நீர்ப்பாசனத் திட்டத்தின் வாய்க்கால் ஓரச் சடக்குகள் நேராகவும் சமமாகவும் ஓடுகின்றன. வயல்வெளிக் காற்று எதிர்த்து வீசுவதால் மேடு இல்லாத குறையும் தீரும். 30க்கு 15 பயிற்சிக்கு இவை ஏற்றவை. தெற்கே செம்பனைத் தோட்டங்களை ஒட்டிய தார்ச் சடக்குகளில் போக்குவரத்துக் குறைவு. ஆனால் குலை ஏற்றிவரும் லாரியையும் நாய்களையும் கவனிக்க வேண்டும். வளைவுகளில் கடும் மிதிப்பு வேண்டாம்.

எட்டு நிமிடப் பயிற்சிக்குக் குரூணிலிருந்து ஏறும் ஜெராய் மலைச்சாலையின் கீழ்ப்பகுதி நல்ல இடம். கடாரத்துக்கு வந்த கப்பல்களுக்கு அடையாளமாக நின்ற 1,217 மீட்டர் மலை அது. ஏற்றத்தில் வேகம் குறைவாக இருப்பதால் விழும் அபாயம் குறைவு. கடுமையும் தானாக வந்துவிடும். எட்டு நிமிடம் ஏறியதும் நின்று, நிதானமாக இறங்குங்கள். இறங்கும் நேரமே உங்கள் இளைப்பாறல். இரண்டு நிமிடத்தில் இறங்கித் தீர வேண்டும் என்று அவசரப்பட வேண்டாம். கொண்டை ஊசி வளைவில் வாகனம் எதிரே வரும்.

ஒரு வாரத்தின் கணக்கு

எங்கள் குழுவில் குலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவில் பன்னிரண்டு மணி நேர மாற்றுப்பணி செய்யும் நண்பர் ஒருவர் இருக்கிறார். வாரம் ஐந்து மணி நேரத்துக்கு மேல் அவரால் ஒதுக்க முடியாது. முன்பு ஒவ்வொரு முறையும் ஒரே பாதையில், ஒரே நடுத்தர வேகத்தில் ஓட்டிவந்தார், ஓராண்டாகியும் முன்னேற்றமில்லை. பிறகு கீழ்க்கண்டவாறு மாற்றிக்கொண்டார்.

செவ்வாய்: 20 நிமிடம் உடலைச் சூடாக்கி, நான்கு முறை எட்டு நிமிடம், பிறகு மெதுவான மிதிப்பு. மொத்தம் 70 நிமிடம்.
புதன்: மிக மெதுவாக 45 நிமிடம்.
வெள்ளி: 30க்கு 15 மூன்று சுற்று. முன்பின் மெதுவான மிதிப்புடன் 60 நிமிடம்.
ஞாயிறு: குறள் சொல்லும் வேகத்தில் 2 மணி நேரம்.
மற்ற நாள்கள் ஓய்வு.

மொத்தம் 295 நிமிடம். அதில் கடுமையானவை 32ஐயும் பத்தொன்பதரையையும் கூட்டினால் சுமார் 52 நிமிடம், அதாவது ஆறில் ஒரு பங்கு. மூன்று வாரம் இப்படி ஓட்டிவிட்டு நான்காவது வாரம் கடும் பயிற்சியைப் பாதியாக்குவார். இரவுப்பணி முடிந்த காலையில் கடுமையாக ஓட்டவே மாட்டார். தூங்காத உடல் பயிற்சியை ஏற்பதில்லை. சில மாதங்களில் அவர் ஜெராயில் எங்கும் இறங்கித் தள்ளாமல் உச்சிவரை வந்தார். அவர் ஓட்டும் நேரம் கூடவில்லை. அதைப் பங்கிட்ட விதம்தான் மாறியது.

புதிதாகத் தொடங்குவோர் இந்த அட்டவணையை முதல் வாரமே தொட வேண்டாம். ஆறு முதல் எட்டு வாரம் மெதுவாக மட்டும் ஓட்டுங்கள். பின்னர் வாரம் ஒரு நாள், நான்கு முறை மூன்று நிமிடம் என்று தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுங்கள்.

வெயிலும் புகைமூட்டமும்

மேற்சொன்ன ஆய்வுகள் பெரும்பாலும் குளிர்ந்த நாடுகளில் நடந்தவை. நம் ஊரின் ஈரப்பதத்தில் வியர்வை உலராது. உடல் சூடு தணியாது. குருதியின் ஒரு பகுதி தோலைக் குளிர்விக்கப் போய்விடுவதால் அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கும். எனவே வெயிலில் எண்ணைப் பார்த்து விரட்டாமல், மூச்சைப் பார்த்து ஓட்டுவதே அறிவுடைமை. ஆண்டுத் தொடக்க மாதங்களில் வடகெடாவில் வறட்சி கடுமையாகும். 2016 ஏப்ரலில் வெப்பம் மிகுந்து குபாங் பாசு, பெண்டாங் மாவட்டங்களில் பள்ளிகளை மூட நேர்ந்ததை நினைவில் கொள்ளுங்கள். கடும் பயிற்சியைக் காலை ஒன்பதுக்குள் முடித்துவிடுவது நல்லது. காற்றுத் தூய்மைக் குறியீடு 100ஐத் தாண்டினால் அது ஆரோக்கியமற்ற நிலை. அன்று வெளியே மூச்சு வாங்க மிதிப்பது நுரையீரலுக்கு நாமே புகை ஊட்டுவதாகும்.

வெறும் வயிற்றிலும் இப்பயிற்சி வேண்டாம். கடும் மிதிப்புக்கு எரிபொருள் மாவுச்சத்து. புறப்படுமுன் இரண்டு வாழைப்பழமோ இரண்டு இட்லியோ போதும். வந்தபின் நிறைவாகப் பசியாறலாம்.

முதலில் மருந்தகம், பிறகு மலை

இந்த மலரை வாசிக்கும் மாணவர்களுக்கு இப்பகுதி தேவையற்றதாகத் தோன்றலாம். உங்கள் அண்ணனுக்கும் அப்பாவுக்கும் முன்னாள் மாணவர்களான எங்களுக்கும் இது மிகத் தேவை. மூவரில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கக்கூடிய சமுதாயத்தில், பலர் அதை அறியாமலேயே இருக்கிறார்கள். நீரிழிவு இதயக் குழாய்களைச் சத்தமில்லாமல் அடைக்கும். சிலருக்கு நெஞ்சுவலி என்ற எச்சரிக்கையைக்கூட மழுங்கச் செய்யும். அப்படிப்பட்ட இதயத்தை ஒரு நாள் திடீரென உச்சத்துக்கு விரட்டுவது சூதாட்டம். பல ஆண்டுகள் அசையாமல் இருந்தவர்கள், புகைப்பவர்கள், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு கண்டவர்கள், நாற்பதை நெருங்குபவர்கள் முதலில் அரசாங்க மருந்தகத்தில் இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைச் சோதித்து, கடும் பயிற்சி செய்யப்போவதாக மருத்துவரிடம் சொல்லி ஒப்புதல் பெற வேண்டும். இன்சுலின் போடுபவர்கள் சட்டைப்பையில் இனிப்பு வைத்திருக்க வேண்டும். கடும் பயிற்சியின்போது சர்க்கரை சற்று ஏறி, சில மணி நேரத்துக்குப்பின் சட்டென இறங்கலாம்.

ஓட்டத்தின்போது நெஞ்சில் அழுத்தம், தாடையிலோ இடக்கையிலோ வலி, மயக்கம், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் இவற்றில் எது வந்தாலும் அன்றைய பயிற்சி முடிந்தது. இறங்கி உட்காருங்கள், 999ஐ அழையுங்கள். சுற்றை முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்ற எண்ணம் வேண்டாம்.

மருத்துவர் தடை சொன்னாலும் மிதிவண்டியை விற்றுவிட வேண்டியதில்லை. குறள் சொல்லும் வேகத்தில் நாளும் அரை மணி நேரம் ஓட்டுவதற்குப் பெரும்பாலோருக்குத் தடை இராது. நீரிழிவைக் கட்டுப்படுத்துவதிலும் அதற்குப் பெரும் பங்குண்டு. உண்மையில் அனைவரும் தொடங்க வேண்டிய இடம் அதுதான். இந்த விடுமுறையில் ஊருக்குப் போகும் மாணவர்கள், வீட்டின் பின்னால் துருப்பிடித்துக் கிடக்கும் மிதிவண்டியைத் துடைத்து எண்ணெய் போட்டு, அப்பாவையோ அம்மாவையோ அரை மணி நேரம் உடன் அழைத்துச் செல்லுங்கள். மூச்சு வாங்கும் எட்டு நிமிடங்கள் அதற்குப் பிறகு வரட்டும்.